நேரலையில் காட்டு விலங்குகள்: வாசகசாலைப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்? நம் மலையிலும் கேமரா வைக்கலாமா?

வாசகசாலைக்காரன் | வண்டிப்பெரியார்

எங்கள் எஸ்டேட் வாசகசாலைக்கு ஒரு பெரிய டிவியும் நெட் இணைப்பும் வந்திருக்கின்றன. கொழுந்து எடுத்துவிட்டு அம்மாமார் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பும் வரை பிள்ளைகள் இங்கேதான் இருப்பார்கள். ஒரு விடுமுறைக் காலையில் அலாஸ்காவின் புரூக்ஸ் அருவி நேரலையைப் போட்டேன். கட்மாய் தேசியப் பூங்காவில் 2012 முதல் ஓடும் கரடி கேமரா அது. சால்மன் மீன்கள் அருவிக்கு எதிராகத் துள்ள, மேல்விளிம்பில் நிற்கும் கரடி வாயைத் திறந்தபடி காத்திருக்கும். கார்ட்டூன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் "அது மீனைப் பிடிக்கட்டும், அப்புறம் மாத்துங்க" என்றார்கள். மாற்றவே விடவில்லை.

இப்போது எனக்கு இரண்டு கேள்விகள். சாயங்காலம் போடுவதற்கு ஏற்ற நேரலைகள் எவை? வெறுமனே பார்ப்பதாக இல்லாமல், பிள்ளைகளும் ஏதாவது செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது. இரண்டாவது, எஸ்டேட்டுக்குக் கீழே உள்ள சதுப்பில் மிளாவும் காட்டுமாடும் தண்ணீருக்கு வருகின்றன, சில நாள் யானையும் வரும். அங்கே நாமே ஒரு கேமரா வைத்து நேரலை விட்டால் என்ன? பெரியாறு புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருந்தும், எங்கள் பிள்ளைகளில் பலர் தேக்கடி படகில் ஏறியதில்லை.

மெட்டுக்காரி | கம்பம்மெட்டு

முதலில் நேரக் கணக்கு. கோடையில் அலாஸ்கா நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே விடிந்திருக்காது. பள்ளிக்குப் போகுமுன் எட்டு மணிக்குப் போட்டால் அங்கே முந்தின நாள் மாலை ஆறரை, நல்ல வெளிச்சம் இருக்கும்.

சாயங்காலத்துக்கு ஆப்பிரிக்காதான் சரி. மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமீபியாவின் பாலைவனத்தில் ஒரு நீர்க்குட்டை நேரலை யூடியூபில் இருக்கிறது. பேச்சே கிடையாது. ஓரிக்ஸ் மான், நெருப்புக்கோழி, வரிக்குதிரை எல்லாம் வந்து குடித்துவிட்டுப் போகும். சும்மா ஓடவிட அதுவே போதும்.

பிள்ளைகள் கலந்துகொள்ள வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் வைல்ட்எர்த் குழுவைப் பாருங்கள். வழிகாட்டி ஒருவர் ஜீப்பில் காட்டுக்குள் போய்க்கொண்டே பேசுவார், பார்க்கிறவர்கள் அனுப்பும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்வார். அவர்களுடைய மாலைச் சவாரி நமக்கு இரவு ஏழு மணி வாக்கில் தொடங்கும். என் அண்ணன் மகள் "அங்கே பெண் யானைக்கும் எப்படிக் கொம்பு இருக்கு?" என்று கேட்க நினைத்தாள். நம் ஊரில் கொம்பு என்றால் ஆண் என்றுதானே பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள்! ஆப்பிரிக்க யானையில் இரண்டுக்கும் தந்தம் உண்டு, ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே தெரியும் தந்தம் கிடையாது, ஆணிலும் கொம்பில்லாத மக்னா உண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டியதுதான் தடை. நீங்கள் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் அனுப்புவார்கள்.

ஒற்றையன் | சின்னக்கானல்

உங்களுக்கு டிவியில் கரடி, எங்களுக்கு வாசலில் கொம்பன். இதுவும் லைவ்தான், அணைக்க ஸ்விட்ச் மட்டும் இல்லை.

அரிக்கொம்பன் விஷயத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்ற யானை. பிடித்துக் கும்கியாக்கப் போகிறார்கள் என்றதும் வழக்குப் போய், கடைசியில் இடம் மாற்றுவது என்று முடிவானது. 2023 ஏப்ரல் 29 அன்று இங்கே பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது. அடிபட்ட ஒருவர் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. இதற்கெல்லாம் நடுவில் எங்கேயோ நகரத்தில் உட்கார்ந்து அந்த யானைக்கு ரசிகர் கூட்டம் சேர்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவராவது இரவு ஷெட்டில் படுத்து ஏலத்தோட்டத்துக்குக் காவல் இருந்திருப்பாரா?

சதுப்பில் கேமரா வைத்தால் இன்னும் நாலு ரசிகர் மன்றம் வரும், அவ்வளவுதான். என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே.

மாஷ் | கொழிஞ்சாம்பாறை

சின்னக்கானல் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா நேரலையும் ஒரே ரகம் இல்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் 2021 முதல் ஒரு "மீன் காலிங்பெல்" இருக்கிறது. வசந்தகாலத்தில் மீன்கள் முட்டையிட இடம் தேடி வாய்க்கால் வழியே மேலே போகும். ஊர் நடுவில் ஒரு மதகு. அந்தப் பருவத்தில் படகுகள் அதிகம் வராததால் மதகு மூடியே கிடக்கும், காத்திருக்கும் மீன்களைப் பறவைகளும் பெரிய மீன்களும் தின்றுவிடும். அதனால் தண்ணீருக்கடியில் கேமரா வைத்தார்கள். உலகத்தில் எங்கிருந்தாவது பார்க்கிறவர் மீனைக் கண்டால் திரையில் பொத்தானை அழுத்துவார், படம் பதிவாகும். மீன்கள் சேர்ந்திருப்பது தெரிந்ததும் மதகுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். பெரும்பாலான நேரம் கலங்கின பச்சைத் தண்ணீர்தான் தெரியும், அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். விரல் வைத்தால் எங்கோ ஒரு கதவு திறக்கும் என்பதால்தான். ரசிகனுக்கும் காவல்காரனுக்கும் உள்ள வித்தியாசம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

புரூக்ஸ் அருவிக்கும் இப்படி ஒன்று உண்டு. 2014 முதல் நடக்கும் "கொழுத்த கரடி வாரம்". குளிர்கால உறக்கத்துக்கு முன் எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று ஜோடி ஜோடியாக நிறுத்தி ஓட்டுப் போடுவார்கள். விளையாட்டுத்தான், ஆனால் ஓட்டுப் போட வேண்டுமென்றால் கோடைத் தொடக்கத்தின் படத்தையும் செப்டம்பர் படத்தையும் ஒப்பிட வேண்டும், எந்தக் கரடி எது என்று அடையாளம் தெரிய வேண்டும். 128 என்ற எண்ணுள்ள கிரேசர் என்ற பெண் கரடியின் குட்டியை 2024 ஜூலையில் 32ஆம் எண் ஆண் கரடி தாக்கியது, குட்டி இறந்துவிட்டது. அதே வருடம் இறுதிச் சுற்றில் அந்த இரண்டு கரடிகளே மோதின. கிரேசர் ஜெயித்தது. அடுத்த வருடம், தாடை உடைந்த நிலையில் மீன் பிடித்துத் தேறிய அந்த 32ஆம் எண் கரடியே ஜெயித்தது. சினிமா வில்லன் கணக்கில் ஒரு விலங்கை வைக்க முடியாது என்பதை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதில்தான் புரிந்துகொண்டார்கள்.

இன்னொன்று. 2023 செப்டம்பரில் அதே பூங்காவின் மலை உச்சிக் கேமரா முன்னால், மழையில் வழி தவறிய ஒருவர் வந்து நின்று உதவி கேட்டார். கரடியே இல்லாத அந்தக் கேமராவையும் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் தகவல் சொல்ல, வனக்காவலர்கள் போய் மீட்டார்கள்.

மெட்டுக்காரி | கம்பம்மெட்டு

மாஷ், 2024இல் ஓட்டுப் பட்டியல் வெளியாக வேண்டிய நாளிலேயே ஒரு கரடி இன்னொரு கரடியைக் கேமரா முன்னாலேயே கொன்றதே? பட்டியலையே தள்ளிப்போட்டார்கள். பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது?

மாஷ் | கொழிஞ்சாம்பாறை

பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், வேறு வழியில்லை. 2023 ஏப்ரலில் மினசோட்டாவில் கழுகுக் கூடு பனியின் பாரம் தாங்காமல் கிளை முறிந்து விழுந்தது. குஞ்சு செத்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதறிப்போனார்கள். "ஏன் யாரும் காப்பாத்தல?" என்று பிள்ளை கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. பதிலை டிவியிடம் விடக்கூடாது, அவ்வளவுதான்.

மலைப்பாதை | வால்பாறை

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் மளுக்கப்பாறை, இந்தப் பக்கம் நாங்கள். யானை எங்களுக்கும் அன்றாடம்தான். ஆகவே ஒற்றையன் அண்ணனுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்.

இங்கே யானையால் நடந்த இறப்புகளில் பெரும்பாலானவை, யானை இருப்பதே தெரியாமல் எதிரே போய் நின்றதால் நடந்தவை. கடைக்குப் போய்விட்டு இருட்டில் லயத்துக்கு நடக்கிறவர், பஸ் இறங்கி வளைவு திரும்புகிறவர் இப்படி. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து இதற்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓடும். கைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியோ குரல் அழைப்போ வரும். முக்கியமான இடங்களில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு உண்டு, பக்கத்தில் யானை இருந்தால் கைபேசியிலிருந்தே எரியவிடலாம், தூரத்திலிருந்தே தெரியும். அதை எரியவிடுவது அந்தந்த இடத்து ஆட்கள்தான், வெளியூர் ஆபீசர் இல்லை. இதை முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

படமே இல்லாத நேரலை என்று இதைச் சொல்வேன். சதுப்புக் கேமராவைவிட இது உங்களுக்குப் பயன்படும்.

ஒற்றையன் | சின்னக்கானல்

இதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கமும் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் வருகிறது. ஆனால் நூறு "குட் மார்னிங்" நடுவில் வருகிறது. அந்த விளக்குக் கம்பம் யார் செலவு, யார் பராமரிப்பு என்று விவரம் இருந்தால் தனியாக அனுப்புங்கள் தம்பி. பஞ்சாயத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஜீப்பு | மூணாறு

டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறேன். உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் காட்டு யானை படையப்பா ரோட்டுக்கு வந்துவிட்டது என்று ஒரு வீடியோ குழுவில் விழுந்தால், கொஞ்ச நேரத்தில் அங்கே வண்டி வரிசை கட்டும். ஹாரன், டார்ச், இறங்கி செல்ஃபி. பின்னால் வருகிற ஆம்புலன்ஸ் நிற்கும். யானைக்குப் போக வழி இருக்காது. வீடியோவில் இடத்தின் பெயரே சொல்ல வேண்டாம். பின்னால் தெரியும் தேயிலை பாக்டரி, கோயில் வளைவு, பாறையின் சாயல் போதும், எங்கள் ஆட்கள் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அதனால் சதுப்பு நேரலை என்றால் அது எங்களுக்கு இலவச வழிகாட்டி.

ஆப்பிரிக்காவில் காண்டாமிருகப் படத்தை இடக்குறியோடு போடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், வேட்டைக்காரன் பார்த்துவிடுவான் என்று. இங்கே அந்தப் பயத்தோடு டூரிஸ்ட் பயமும் சேர வேண்டும்.

இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், ராஜமலையையே பூட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு வருமான நஷ்டம்தான். ஆனாலும் பூட்டுவது சரி.

கொழுந்துக்காரி | பீர்மேடு

இவ்வளவு நேரம் விலங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். சதுப்புக்கு யார் போகிறார்கள்? விறகு பொறுக்க, புல் அறுக்க நாங்கள்தான் போகிறோம். லயத்தில் கக்கூஸ் தண்ணீர் வராத நாளில் எங்கே போவோம் என்று ஆம்பளைகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பக்கம் ராப்பகலாக ஒரு கேமரா உலகத்துக்கே காட்டிக்கொண்டிருந்தால் நாங்கள் எங்கே ஒதுங்குவது?

இது என் கற்பனை பயம் இல்லை. உத்தரகாண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குக்காக வைத்த கேமராவும் டிரோனும் காட்டுக்குப் போகும் பெண்களை எப்படிப் பாதித்தன என்று கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் படம் கேமராவில் விழுந்து உள்ளூர் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. பெண்கள் கேமரா இல்லாத வேறு இடம் தேடி உள்காட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் பாட்டையும் சத்தமான பேச்சையும் குறைத்துக்கொண்டார்கள். காட்டில் பாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமா? ஆள் வருகிறது என்று யானைக்கும் புலிக்கும் சொல்லும் சத்தம் அது. வாயை மூடிக்கொண்டு போனால் எதிரே போய் முட்ட வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கு விலங்கு காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் எங்களிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

வாசகசாலைக்காரன் | வண்டிப்பெரியார்

அக்கா, இதற்கு மேல் சதுப்பைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அந்த யோசனையை விட்டுவிட்டேன். வேறு இடம், வேறு உயிர் என்று யாராவது சொல்லுங்கள்.

கூழைக்கடா | தடா

நான் ஆந்திர எல்லைக்காரன். எங்கள் பக்கம் நேலபட்டு என்று ஒரு ஏரி இருக்கிறது, புலிகாட் ஏரிக்குப் பக்கத்தில். தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடா கூட்டமாகக் கூடு கட்டும், அங்கே குஞ்சு பொரித்துவிட்டு இரை தேடப் புலிகாட்டுக்குப் பறக்கும். பார்வையிடும் கோபுரத்தில் ஏறினால் தெரியும், ஆனால் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பெற்ற பறவையின் தொண்டைக்குள் தலையை விட்டுக் குஞ்சு மீன் எடுப்பதைப் பிள்ளைகள் ஒருமுறை நேரலையில் பார்க்க வேண்டும். கூட்டமாக இருக்கும் இடம், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த இடம், யாரும் ஒதுங்கப் போகாத ஏரி நடுமரம். கேமரா வைக்கத் தகுந்தது இப்படிப்பட்ட இடம்தான். வைக்க வேண்டியது வனத்துறை.

உங்கள் மலையில் என்றால் இருவாச்சி எனக்கு ஆசை. பெட்டைப் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும், சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். வாழச்சால் காட்டில் காடர் பழங்குடி மக்களே கூடுகளைக் காவல் காக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தின் பக்கேயில் கூட்டைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது, பணம் கட்டுகிறவருக்குக் கூட்டின் செய்தி வரும், காவல் இருக்கும் ஊர்க்காரருக்குச் சம்பளம் போகும். நம் ஆட்களுக்குக் காசு போய்ச்சேரும் நேரலை ஒன்று வந்தால் சின்னக்கானல் அண்ணனும் ஓட்டுப் போடுவார்.

ஒற்றையன் | சின்னக்கானல்

காசைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

ஒயர்மேன் | குமுளி

தொழில்நுட்பக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். யாரும் இதைப் பேசவில்லை.

காப்பகத்துக்குள் படம் எடுக்கவே அனுமதி வேண்டும், 1972 வனவிலங்குச் சட்டப்படி. ஆகவே இருவாச்சிப் பொந்தை மறந்துவிடுங்கள். நெட் கணக்கு: தெளிவான படம் நொடிக்கு இரண்டரை மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல், ஒரு நாளைக்கு 27 ஜிபி. சிம் கார்டில் ராப்பகல் ஓட்டினால் கட்டுப்படியாகாது. வாசகசாலையில் ஏற்கெனவே கேபிள் இணைப்பு இருப்பதால், ஒயர் எட்டும் தூரத்தில் கேமரா வையுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும், ஒரு சின்ன யுபிஎஸ் போதும். சோலார் பலகையை நம்பாதீர்கள், ஜூன் ஜூலையில் இந்த மலையில் வெயிலை எங்கே தேடுவது?

மைக்கை அணைத்துவிடுங்கள். இது கட்டாயம். லயத்துச் சண்டையெல்லாம் யூடியூபில் போய்விடும்.

மெட்டுக்காரி | கம்பம்மெட்டு

குண்டுகரிச்சான் எப்படி? கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் பாடுமே அது. ஓட்டு இடுக்கிலும் மரப்பொந்திலும் கூடு வைக்கும், பெட்டி வைத்தாலும் வரும். வாசகசாலைக் கூரைக்குக் கீழே மரப்பெட்டி, பெட்டிக்குள் மேலிருந்து கீழே பார்க்கும்படி கேமரா. உள்ளே பறவை மட்டும்தான் தெரியும், பீர்மேட்டு அக்காவுக்கும் தொந்தரவு இல்லை, ஜீப் அண்ணனுக்கும் வேலை இல்லை!

டெக்சாஸில் மாயா ஹிகா என்ற பெண் 2021இல் தொடங்கிய அல்வியஸ் சரணாலயத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த நினைப்பு வந்தது. காட்டில் திரும்ப விட முடியாத விலங்குகளை வைத்து ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் நேரலை நடத்துகிறார். ஒரே ஒரு 21 மணி நேர நேரலையில் அதற்காக ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். பார்க்கிறவர்களே குறிப்பு எழுதுகிறார்கள், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளும் முறை வைத்து உட்கார்ந்து, எத்தனை மணிக்கு எது இரை கொண்டுவந்தது, புழுவா பூச்சியா என்று நோட்டில் எழுதலாம். முட்டை பொரிய இரண்டு வாரத்துக்குள்தான், குஞ்சு பறக்கவும் அதே அளவு. ஒரு விடுமுறைக்குள் முழுக் கதையும் முடியும்.

மாஷ் | கொழிஞ்சாம்பாறை

நல்ல யோசனை, ஒரே ஒரு எச்சரிக்கை. நெருக்கமாகக் காட்டினால் "எனக்கு ஒண்ணு வேணும்" என்று ஆசை வரும். தேவாங்குக் குடும்பத்து விலங்குகளைக் கொஞ்சும் வீடியோக்கள் பரவிப் பல நாடுகளில் அவற்றை வாங்கி வளர்க்கும் மோகம் கிளம்பியது. நம் ஊரிலேயே பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்று எத்தனை வீட்டுக்குத் தெரியும்? முதல் நாளே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். பறவை உள்ளே வந்துவிட்டால் பெட்டியைத் திறக்கவும் கூடாது, கேமராவைச் சரிசெய்யவும் கூடாது. கோணம் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

கொழுந்துக்காரி | பீர்மேடு

வாசகசாலைப் பூனையை என்ன செய்வீர்கள்?

வாசகசாலைக்காரன் | வண்டிப்பெரியார்

அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் அக்கா. பூனை ஏற முடியாதபடி பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி இரும்புக் குழாயில் தொங்கவிடலாம் என்கிறார் தச்சர். மார்ச்சில் பறவை இடம் தேடத் தொடங்கும் என்பதால் ஜனவரியிலேயே மாட்டிவிடப் போகிறோம். ஒயர்மேன், இருட்டுப் பெட்டிக்குள் படம் தெரிய அகச்சிவப்பு விளக்குள்ள சின்ன கேமரா வேண்டும், குமுளியில் கிடைக்குமா, கம்பத்துக்கு இறங்க வேண்டுமா? விலையோடு சொன்னால் கமிட்டியில் வைக்கிறேன்.

ஒயர்மேன் | குமுளி

கம்பம் போங்கள். இங்கே கேட்டால் டூரிஸ்ட் விலை சொல்வார்கள். வாங்குமுன் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், கிட்டத்தில் வைத்தால் படம் மங்கும் கேமராக்கள்தான் கடையில் அதிகம். பெட்டி உயரம் ஒரு முழம்தான் இருக்கும், அந்தத் தூரத்தில் தெளிவாக விழுகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.